மடியில் விரிசலோடு அடையாறுக்கு

சென்னைக்கு நான் எடுத்துவந்தவை இரண்டு விரிசல்கள். மூன்றாக இருந்திருக்க வேண்டும். ஒன்று பேர்ன் நகரத்து வீட்டில் பெட்டி அடுக்கும்போதே முழுசாக உடைந்துவிட்டது. மற்றவர்கள் பயணம் போகும்போது சாக்லேட் கொண்டுபோவார்கள். நான் வேண்டுமென்றே விரிசல் விடவைத்த கண்ணாடித் துண்டுகளைக் கம்பளிக் காலுறைக்குள் சுற்றிக் கொண்டுபோனேன்.

யாழ்ப்பாணத்தில் பிறந்து, நினைவு தெரிவதற்கு முன்பே சுவிட்சர்லாந்துக்குப் போனவள் நான். பொருட்கள் எப்படி உடைகின்றன என்பதைக் கணினியில் அணு அணுவாகப் பார்ப்பது என் வேலை. "பிள்ளை சாமான் உடைக்கிற வேலையில இருக்கிறாள்" என்று அம்மா எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வார். அதைவிடச் சுருக்கமாக என்னாலும் சொல்ல முடியாது.

கண்ணாடியில் விழுந்த விரிசல் எப்போதும் பட்டென்று ஓடிவிடுவதில்லை. மெல்ல இழுத்துப் பிடித்துக்கொண்டு ஈரக் காற்றில் வைத்தால், நகம் வளர்கிற வேகத்தில் ஊர்ந்து போகும். அந்த ஊர்தல் ஆறு ஓடுகிற மாதிரி சீரானது என்பது என் மேலதிகாரியின் கட்சி. என் கணினியோ, விரிசல் நிற்கிறது, பிறகு ஓர் எட்டு வைக்கிறது, மறுபடி நிற்கிறது என்கிறது. "அது விரிசலின் குணம் இல்லை, உன் கணக்கின் பிழை" என்று அவர் ஜெர்மன் மொழியில் சொன்னார். ஜெர்மனில் கேட்டால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக வலிக்கும்.

அடையாறில் ஓர் ஆய்வுக்கூடத்தில், ஈரக் காற்றை ஒரு சிறு அறைக்குள் அடைத்துவைத்து, அதற்குள் கண்ணாடியை ஊசியால் தடவிப் பார்க்கிற நுண்ணோக்கி ஒன்று இருக்கிறது. அதில் எனக்கு ஒரே ஒரு திங்கட்கிழமை கிடைத்தது. அன்று விரிசல் எட்டு வைப்பதைக் காட்டிவிட்டால் என் இத்தனை வருட வேலை பிழைக்கும். அதற்குள் கண்ணாடி உடைந்துவிட்டால், நான் செய்ததெல்லாம் வெறும் கணினிப் படம்.

சனிக்கிழமை காலை விமான நிலையத்துக்கு வெளியே வந்ததும் என் மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்தது. எனக்கு ஒரே குஷி. இந்த அளவு ஈரத்தை உண்டாக்க பேர்னில் ஓர் இயந்திரம் வாங்கி, அது பழுதாகி, அதைப் பழுதுபார்க்க வந்தவருக்காக நாங்கள் வாரக்கணக்கில் காத்திருந்தோம். இங்கே கதவைத் திறந்தால் போதும்.

வரவேண்டிய கார் வரவில்லை. ஆட்டோவில் ஏறிக் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். ஓட்டுநர் பக்கக் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இன்னாமா, உள்ள இன்னா கீது? நகையா?"

"இல்லை அண்ணா, கண்ணாடி. கொஞ்சம் மெதுவாப் போங்கோ."

"சிலோனா நீங்க? மெதுவா போலாம்மா, நம்ம வண்டி பூ மாதிரி போவும்."

பூ மாதிரிதான் போனது, ஒரு வேகத்தடை வரும்வரை. நானும் பையும் மேலே போய்க் கீழே வந்தோம். காலுறைக்குள் 'டிக்' என்றது. இருபது வருடம் கழித்தும் தூக்கத்தில் கேட்டால் எனக்கு அடையாளம் தெரிகிற ஓசை அது.

"நேத்து இத்த காணமே," என்றார் ஓட்டுநர், திரும்பி அந்த வேகத்தடையை முறைத்தபடி. "நைட்டோட நைட்டா போட்டுக்கீறானுங்க."

பேர்னில் ஒரு வேகத்தடை போடுவதற்குக் குடியிருப்பவர்களுக்குக் கடிதம் வரும், கூட்டம் நடக்கும், வாக்கெடுப்புகூட வரலாம். மீதி இருப்பது ஒரே விரிசல் என்று தெரிந்தும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஓட்டுநரும் சிரித்தார், எதற்கென்று தெரியாமல்.

நான் தங்கியது சாந்தோமில், ஸ்டெல்லா மேடத்தின் வீட்டில். அடையாறு ஆய்வுக்கூடத்தின் தலைவர் அவர்தான். பல தலைமுறையாகச் சாந்தோம் தேவாலயப் பங்கைச் சேர்ந்த குடும்பம். பாதிப்பேர் ஆசிரியர்கள், மீதிப்பேர் கன்னியாஸ்திரிகள். "நான் ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டேன்" என்று அறிமுகத்திலேயே சொன்னார். உடைந்த துண்டைப் பார்த்து ஒரு கணம் உச்சுக்கொட்டிவிட்டு, மீதி இருந்ததைக் கையில் வாங்கினார்.

அது ஓர் எஃகுப் பிடிக்குள் இருந்தது. பிடியில் ஒரு திருகு உண்டு. அதை இறுக்கினால் விரிசலின் வாய் இழுபடும். தளர்த்தினால் விரிசல் தூங்கும். பயணத்துக்காக நான் அதை நன்றாகத் தளர்த்தி, ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு டப்பாவில் வைத்து, டப்பாவையும் காலுறைக்குள் திணித்திருந்தேன். ஸ்டெல்லா மேடம் டப்பாவை ஷோகேஸில் மாதா சொரூபத்தின் காலடியில் வைத்தார். "திங்கட்கிழமை வரைக்கும் அவங்க பார்த்துக்கட்டும்" என்றார்.

அவருடைய கணவர் ஆரோக்கியராஜ் அங்கிள். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், சட்டைப் பையில் பேனா குத்துகிற இடத்தில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் குத்தியிருப்பார். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் வீடு இருந்தால் உப்புக் காற்று கீல், தாழ்ப்பாள், குழாய் எதையும் விட்டுவைக்காது. துருப்பிடிக்கும், ஆடும், கழன்று விழும். அதனால் அங்கிள் தினமும் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி, ஆடுகிறதையெல்லாம் இறுக்குவார். அந்தத் தெருவில் எல்லா வீடுகளிலும் இப்படி ஒருவர் இருப்பாராம். அவர் என் நாற்காலியைக்கூட நான் உட்காருவதற்கு முன் ஆட்டிப் பார்த்தார்.

மாலை மேடத்தோடு மயிலாப்பூர் குளத்துக்கருகே ரவா தோசையும் காபியும். சுவிட்சர்லாந்தில் காபியோடு ஒரு பிஸ்கட் தருவார்கள், சிரிப்பு தரமாட்டார்கள். இங்கே பரிமாறுகிறவர் இரண்டாவது காபியைக் கேட்காமலே வைத்துவிட்டு, "நீங்க குடிக்கிறதப் பார்த்தா இன்னொண்ணு வேணும்போல இருந்துச்சு" என்றார். பக்கத்து மேசையில் ஓர் அம்மாள் கணவரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்: "ஏன்னா, ஆத்துல கேஸை அணைச்சேளா? நன்னா யோசிச்சுச் சொல்லுங்கோ." அவர் யோசிக்க யோசிக்க அவர் தோசை ஆறியது.

என் டம்ளரின் விளிம்பில் ஒரு நசுங்கல். ஸ்டெல்லா மேடத்துக்குத் தெரியாததா என்று நினைக்காமல் அதைக் காட்டி உற்சாகமாகப் பேச ஆரம்பித்துவிட்டேன். எவர்சில்வர் அடி வாங்கினால் அதன் அணுக்கள் வரிசை வரிசையாக ஒன்றின்மேல் ஒன்று சறுக்கி நகர்ந்துகொள்ளும். பாத்திரம் நசுங்கும், பிழைக்கும். கண்ணாடியின் அணுக்களுக்கு அப்படி நகர வழியில்லை. பிடித்த கையை விடுவதுதான் அதற்குத் தெரிந்த ஒரே வேலை. "அதான் எங்க வீட்ல எல்லாமே எவர்சில்வர்" என்றார் மேடம்.

ஞாயிறு காலை பூசை. மதியம் வஞ்சிரம் குழம்பு. எங்கள் ஊர்க் குழம்பைவிடக் காரம் குறைவு, புளி கூடுதல். நான் மூன்றாம் தடவை சோறு கேட்டதும் அங்கிள் எழுந்துபோய்ப் பானையோடு கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டார். பிறகு மேடமும் நானும் தி. நகர் புறப்பட்டோம். அம்மாவுக்குச் சேலையும் ரவிக்கைக்கு லைனிங் துணியும் வாங்க வேண்டும். அங்கிள் வரவில்லை. "எனக்கு வீட்ல வேலை இருக்கு" என்று சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார்.

ரங்கநாதன் தெருவுக்குள் நடந்தோம் என்று சொல்லக் கூடாது. தெரு எங்களை எடுத்துக்கொண்டு போனது. தொலைந்துபோகாமல் இருக்க மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டார். பேர்னில் ஒரு வருடம் முழுக்க என்மேல் இடிக்கிறவர்களைவிட இங்கே பத்தடிக்குள் அதிகம் பேர் இடித்தார்கள், யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, எனக்கும் அது தேவைப்படவில்லை. அப்போது இரண்டு கையிலும் பைகளோடு ஓர் அம்மா எங்கள் இருவருக்கும் நடுவில் நேராக வந்தார். ஒரு பை மேடத்தின் கையில் சிக்கியது, இன்னொன்று என் கையில். எங்கள் பிடி விட்டுப்போனது.

நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன். "மேடம், இதுதான். தண்ணீர் செய்யிறது இதைத்தான்."

கண்ணாடி என்பது சிலிக்கனும் ஆக்சிஜனும் கைகோத்து நிற்கிற பெருங்கூட்டம். விரிசலின் நுனியில் இருக்கும் ஒரு கைப்பிடிதான் எல்லா இழுப்பையும் வாங்கிக்கொண்டு விறைத்து நிற்கும். காய்ந்த காற்றில் அது தாக்குப்பிடித்துவிடும். ஈரக் காற்றில் ஒரு தண்ணீர் மூலக்கூறு அந்தச் சந்துக்குள் நுழைந்து, தன்னில் ஒரு பங்கை இந்தப் பக்கமும் மறு பங்கை அந்தப் பக்கமும் கொடுத்துவிடும். இரண்டு பேருக்கும் கையில் ஏதோ கிடைத்துவிட்டதால் பழைய பிடி விட்டுப்போகும். பிறகு இழுப்பு அடுத்த ஜோடிமேல். தண்ணீர் வந்து சேரும்வரை விரிசல் நிற்கும் என்பதுதான் என் கணக்கு.

"எம்மா, வுடுமா பைய," என்றார் அந்த அம்மா. நான் அவருக்கு நன்றி சொன்னேன். அவர் மேடத்தைப் பார்த்து, "இந்தப் பொண்ணுக்கு இன்னா ஆச்சு?" என்று கேட்டுவிட்டு நகர்ந்தார்.

துணிக்கடையில் இன்னொரு விருந்து காத்திருந்தது. கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கம். லைனிங் துணியை அளந்தார், கத்தரிக்கோலால் ஓரத்தில் விரல்நக அளவுக்கு ஒரு வெட்டு வெட்டினார், பிறகு கத்தரியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் இழுத்தார். சர்ரென்று நூல் பிடித்தாற்போல் நேராகக் கிழிந்தது. வெட்டு இல்லாத துணியை அவரே இழுத்தாலும் கிழியாது. வெட்டின் முனையில் நிற்கும் ஒற்றை நூல்மேல் இழுப்பு முழுதும் குவியும். அது அறுந்ததும் அடுத்த நூலின் முறை. இத்தனை வருடமாக நான் பாடம் எடுக்கப் படம் வரைந்து கஷ்டப்பட்ட விஷயம்.

"இன்னும் ஒரு மீட்டர் தாங்கோ," என்றேன். சர்ர். "அந்தப் பச்சையில ஒன்று." சர்ர். "அந்த ரோஸ்?"

கடைக்காரர் கையை நிறுத்தினார். "ஏம்மா, தைக்கதுக்கு வாங்குதீயளா, கிழிக்கதுக்கு வாங்குதீயளா?"

"கிழிக்கிறதைப் பார்க்க," என்று உண்மையைச் சொன்னேன். மேடம் வேறு எங்கோ பார்த்தார். கடைக்காரர் விற்காத ஓரத் துண்டு ஒன்றை எடுத்து ஒரு வெட்டு வெட்டி என்னிடம் நீட்டினார். "இந்தாங்க, நீங்களே கிழிங்க." கிழித்தேன். அன்று அந்தக் கடையில் என்னைவிடச் சந்தோஷமாக இருந்தவர் யாரும் இல்லை.

வானவில்லில் இருக்கிற எல்லா நிறத்திலும் லைனிங் துணியோடு வீடு திரும்பினோம். அங்கிள் வாசலிலேயே காத்திருந்தார், முகமெல்லாம் பெருமையாக.

"துஷி, உன் டப்பாவுக்குள்ள அந்த ஸ்க்ரூ லொடலொடன்னு ஆடிச்சும்மா. இப்படியா ஊர்விட்டு ஊர் கொண்டு வர்றது? டைட் பண்ணிட்டேன்."

நான் துணிப் பைகளைக் கீழே போட்டேன். மேடம்தான் கேட்டார்.

"எதை டைட் பண்ணீங்க?"

"அந்த ஸ்க்ரூவத்தான். கூடவே சின்னச் சின்னப் பொட்டலம் இருந்துச்சு. அதுமேல ஈரம் இழுக்கும்னு போட்டிருந்தான். நம்ம உப்பு நமுத்துப்போவுதேன்னு அதை உப்பு ஜாடிகிட்ட வெச்சேன்."

டப்பா மூடிகூட இல்லாமல் ஜன்னலோரம் கடல்காற்றில் இருந்தது. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். நான் கொண்டுவந்தபோது அரிசிமணி நீளம் இருந்த விரிசல் அரிசிமணியைவிடத் துளி நீண்டிருந்தது. அது விழித்துக்கொண்டுவிட்டது. மாதாவின் காலடியை விட்டு வந்து, சாந்தோமின் ஈரத்தில், மதியம் முழுக்க அது நடந்துகொண்டிருந்திருக்கிறது.

"இப்பவே லூஸ் பண்ணிடலாம்," என்றார் மேடம்.

எனக்கும் கை பரபரத்தது. ஆனால் காய்ந்து தூங்கிய விரிசல் வேறு, ஈரத்தில் நடந்த விரிசல் வேறு; இதைத் தளர்த்தினால் வாய் மூடி, இரு பக்கமும் ஒட்டி நுனி மழுங்கும். மறுபடி இழுத்தால் அது எப்படி நடக்குமென்று யாருக்கும் தெரியாது. மேலதிகாரி அதையே சாக்காகச் சொல்லுவார். அப்படியே விட்டால் எந்த நிமிடமும் உடையலாம். எனக்குப் பயமும் ஆசையும் சேர்ந்தே வந்தன. "விடுவம் மேடம்," என்றேன். "நடக்கட்டும். நாளைக்குக் காலமை வரைக்கும் உடையாமல் நடந்தால் போதும்."

மேடம் கையை நீட்டினார். அங்கிள் சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கொடுத்தார். அது மேடத்தின் கைப்பைக்குள் போனது. இரவுச் சாப்பாட்டின்போது குளியலறைக் குழாய் சொட்ட ஆரம்பித்தது. எல்லோருக்கும் கேட்டது. அங்கிள் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

திங்கள் காலை விரிசல் இன்னும் விரிசலாகவே இருந்தது. நான் மாதா சொரூபத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு டப்பாவை எடுத்தேன். மேடத்தின் கார் கிளம்ப மறுத்ததால் மறுபடி ஆட்டோ, வேறு ஓட்டுநர். டப்பா என் மடியில், பக்கத்தில் மேடம், அவருக்குப் பக்கத்தில் அங்கிள். அவரை யாரும் கூப்பிடவில்லை. "நான் வர்றேன்" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்துவிட்டார்.

பட்டினப்பாக்கம் தாண்டி முதல் வேகத்தடை தெரிந்ததும் அங்கிள், "நிறுத்துப்பா" என்றார். இறங்கி முன்னால் போய், பின்னால் வருகிற வண்டிகளுக்கு ஒரு கையைக் காட்டிவிட்டு, மறு கையால் ஆட்டோவைக் கன்றுக்குட்டியைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டார். முன் சக்கரம் ஏறி இறங்கியது. பின் சக்கரங்கள் ஏறி இறங்கின. அங்கிள் ஓடிவந்து ஏறிக்கொண்டார். அடுத்த வேகத்தடையிலும் அப்படியே. மெட்ரோவுக்குத் தோண்டிப்போட்டு மண் மூடிய இடங்களில் அவர் ஏறவே இல்லை. ஆட்டோவுக்கு முன்னால் நடந்தே வந்தார். பின்னால் ஹாரன் சத்தம் கல்யாண ஊர்வலம் மாதிரி சேர்ந்துகொண்டே போனது.

"மேடம், பின்னாடி கீறவன்லாம் என்னத்தான் திட்றான்," என்றார் ஓட்டுநர். "உள்ள இன்னாதான் கீது?"

"கண்ணாடிப்பா," என்றார் மேடம்.

"ஒடஞ்சா வேற வாங்கிக்கலாமே."

"ஏற்கெனவே உடைஞ்சதுதான்."

ஓட்டுநர் ஆட்டோவை நிறுத்தியே விட்டார். "ஒடஞ்ச கண்ணாடிக்கா இந்தப் பாடு? எங்க வூட்ல வெரிசல் வுட்டா அன்னிக்கே தூக்கிப் போட்ருவோம்." பிறகு, முன்னால் வியர்வையில் நனைந்த சட்டையோடு நடந்துகொண்டிருந்த அங்கிளைப் பார்த்தார். "பெரியவரே நடந்துக்கினு வர்றாரு, போலாம்" என்று மறுபடி உருட்டினார். எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. டப்பா குலுங்குமே என்று வாயைப் பொத்திக்கொண்டு கண்ணால் சிரித்தேன்.

அடையாறு பாலத்தில் வேகத்தடை இல்லை. அங்கே மட்டும் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து போனோம்.

ஆய்வுக்கூடத்தில் கண்ணாடியைப் பிடியோடு ஈர அறைக்குள் வைத்தோம். நுண்ணோக்கியின் ஊசி அதன் மேற்பரப்பை வருடத் தொடங்கியது. அந்த ஊசிக்கு ஒவ்வொரு அணுவும் தனித்தனியாகத் தெரியாது; சில அணுக்கள் சேர்ந்த அகலம் தெரியும். மீதியை என் கணக்கு நிரப்பிக்கொள்ள வேண்டும். திரையில் ஒரு கறுப்புக் கோடு வந்தது. அதன் நுனி வந்தது. பேர்னிலிருந்து என் மேலதிகாரியின் முகமும் இன்னொரு திரையில் வந்தது, அவருக்கு அப்போது விடியற்காலை.

கோடு அசையவில்லை. அடுத்த படம், அதே இடம். அதற்கடுத்த படம், அதே இடம். மேடம் கேன்டீனிலிருந்து வாழைக்காய் பஜ்ஜி வரவழைத்தார். பஜ்ஜி தீர்ந்தது. கோடு அதே இடம்.

"நின்றுவிட்டது," என்றார் மேலதிகாரி. "பயணத்தில் செத்துவிட்டது. வருத்தமாக இருக்கிறது." நிஜமாகவே வருத்தமாகத்தான் சொன்னார். அங்கிள் சுவரோரம், காலணி கழற்றி, காலுறையோடு நின்றுகொண்டிருந்தார். அவருக்கு ஜெர்மன் தெரியாது, ஆனால் என் முகம் தெரிந்தது. நிற்பது என் கணக்கில் உண்டுதான். ஆனால் இவ்வளவு நேரமா?

அடுத்த படத்தில் நுனி இடம் மாறியிருந்தது.

ஊர்ந்து அல்ல. சற்றுமுன் இங்கே, இப்போது அங்கே. பிறகு மறுபடி நின்றது. மறுபடி ஓர் எட்டு. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"என்னம்மா, உடைஞ்சுடுச்சா?" என்று அங்கிள் வெளிறிப்போய்க் கேட்டார்.

"ஓம் அங்கிள்," என்று அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குதித்தேன். "உடையுது. ஒவ்வொரு எட்டா உடையுது."

பேர்னில் மேலதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இன்னொரு முறை காட்டு," என்றார். காட்டினோம். "இன்னொரு முறை." அன்று மாலை வரை அவர் வேறு எதுவும் பேசவில்லை, காலைச் சாப்பாட்டுக்கும் எழுந்துபோகவில்லை.

எல்லாப் படமும் எடுத்து முடித்தபிறகு ஒரு வேலை பாக்கி இருந்தது. கண்ணாடியை வெளியே எடுத்து, சாதாரண நுண்ணோக்கிக்குக் கீழே வைத்து, உடைகிறவரை இறுக்க வேண்டும். இன்னும் எவ்வளவு திருப்பினால் உடைகிறது என்று தெரிந்தால்தான் அங்கிள் நேற்று இறுக்கியது எவ்வளவு என்று கணக்குப் போட முடியும். மேடம் கைப்பையைத் திறந்து அந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்து என்னிடம் தந்தார். நான் அதை அங்கிளிடம் நீட்டினேன்.

அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். "வேணாம்மா. நான் எதையும் தொடலை." பிறகு மனைவியைப் பார்த்தார்.

"தொடங்கினது யாரு?" என்றார் மேடம். "போங்க."

அங்கிள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு குனிந்தார். குழந்தைக்குக் காது குத்துகிற மாதிரி அவ்வளவு பதமாகத் திருகைத் தொட்டார். கொஞ்சம் திருப்பினார். கோடு மெல்ல நகர்ந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினார். கோடு ஓட ஆரம்பித்தது.

'டிக்.'

அறையில் எல்லோரும் கை தட்டினார்கள். பேர்னிலும் ஒருவர் தட்டினார். அங்கிள் இரண்டாகக் கிடந்த கண்ணாடியையும் கை தட்டுகிற எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் அவரும் மெல்லத் தட்டினார்.

அவர் ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்து மேடத்திடம் திருப்பிக் கொடுக்கப் போனார். மேடம் அதை வாங்கி, அவருடைய சட்டைப் பையில் பழைய இடத்திலேயே குத்திவிட்டார்.

"வீட்டுக்குப் போனதும் பாத்ரூம் குழாயைப் பாருங்க," என்றார். "நேத்துலேர்ந்து சொட்டுது."